மாப்பிள்ளை சைக்கிளின் பிரேக் ஒயர்

என் வயதுக்காரர்களுக்கு இது நினைவிருக்கும். நாம் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அறந்தாங்கிப் பக்கம் ஓடிய சைக்கிள்களில் ஒயர் பிரேக் என்பது கிடையாது. எல்லாம் கம்பி பிரேக். ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு கம்பி, அதிலிருந்து இன்னொரு கம்பி, முழங்கை மடங்குவது போல் மடங்கிப் போய் ரப்பர் கட்டையைச் சக்கரத்தில் அமுக்கும். கம்பி வளைந்தால் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொள்வோம். அதற்கு மேல் பிரேக்கைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

எங்கள் ஊருக்கு ஒயர் பிரேக் வைத்த சைக்கிள் முதன்முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். அக்காவின் கல்யாணத்துக்காக வந்தது. ஐம்பதுகள் முடியப்போகும் நேரம். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

அத்தா என்றுதான் நாங்கள் அப்பாவைக் கூப்பிடுவோம். அவர் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் பங்கு வைத்திருந்தார். நான் பிறந்து பத்து வருடத்தில் அவர் ஊருக்கு வந்தது அதோடு மூன்றாவது தடவை. முதல் தடவை எனக்கு நினைவே இல்லை. இந்தத் தடவை நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, லாரியில் ஒரு பெரிய மரப்பெட்டியோடு வந்தார். ஆசாரியைக் கூப்பிட்டுப் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே வைக்கோல், அதற்குள் மெழுகுக் காகிதம், காகிதத்துக்குள் பச்சை. வாழைக் குருத்து விரியும்போது உள்பக்கம் தெரியுமே, அந்தப் பச்சை. புது ரப்பர் வாசனை கூடம் முழுக்க அடித்தது. தெருப் பெண்கள் முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள்.

அதில் கம்பியே இல்லை. ஹேண்டில்பாரிலிருந்து கறுப்பாக மூன்று கயிறுகள் வளைந்து இறங்கின.

"இது என்ன, சாரைக் குட்டி மாதிரி தொங்குது?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

"ஒயரு. உள்ள இருக்கிறது இரும்பு ஒயரு, மேல இருக்கிறது உறை. பிடிய அமுக்குனா உள்ள உள்ளது ஓடும், உறை அசையாது. ரெண்டு பிரேக்குக்கு, ஒன்னு கியருக்கு" என்றார் அத்தா.

"கியருன்னா?"

"மேட்டுல ஏறும்போது மிதிக்கிறத லேசாக்கிக்கலாம்."

அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டே சொன்னார்: "நம்ம ஊருல மேடு எங்கிட்டு இருக்கு மச்சான்? கண்மாய்க் கரைய விட்டா ஒன்னுமில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தா சிரிக்கவில்லை. சின்ன மாமாவின் கையைச் சக்கரத்திலிருந்து எடுத்து விட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளைக்கென்று வாங்கிய பொருளை அவர் கை படும் முன்பு வேறு யாரும் புழங்கக் கூடாது. கட்டில் என்றால் அதில் உட்காரக் கூடாது. கடிகாரம் என்றால் கையில் கட்டிப் பார்க்கக் கூடாது. சைக்கிளும் அப்படித்தான். அத்தா கூட அதில் ஏறவில்லை. கூடத்தின் மூலையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பினாங்கிலிருந்து கொண்டுவந்த கைலிச் சாரம் ஒன்றைப் போர்த்தி வைத்தார். யார் வந்தாலும் சாரத்தை விலக்கிக் காட்டுவார்கள், பார்ப்பார்கள், மறுபடி போர்த்துவார்கள்.

அதைத் துடைத்துப் பாதுகாக்கும் வேலையை அத்தா எனக்குக் கொடுத்தார். "இவன் அதிகம் பேசாதவன், விளையாட்டுக் காட்ட மாட்டான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளங்கையில் அடங்குகிற எண்ணெய்க் குப்பி ஒன்றைத் தந்தார். தகரக் குப்பி, கொசுவின் மூக்கு போல மெல்லிய மூக்கு. அடியை அமுக்கினால் டொக் என்று சத்தம் வந்து ஒரு சொட்டு விழும். அதற்குப் பிறகு அப்படி ஒரு குப்பியை நான் பார்க்கவே இல்லை.

"தையல் மிசின் எண்ணெய் இது. பிடிய அமுக்கிக்கிட்டு, ஒயரு உறைக்குள்ள நுழையிற எடத்துல ஒரே ஒரு சொட்டு விடு. அப்பறம் மெதுவா அமுக்கி அமுக்கி விடு. எண்ணெய் தானா உள்ள போகும். வெளிய வழிஞ்சதத் தொடச்சிரு. கப்பல்ல உப்புக் காத்துல வந்த ஒயரு. விட்டா துரு பிடிச்சிரும்" என்றார்.

இன்றைக்கும் என் சைக்கிள் கடையில் ஒயருக்கு எண்ணெய் விடுகிற முறை அதுதான். அதற்கு மேல் ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை.

பத்து நாள் ஒழுங்காகச் செய்தேன். பதினோராம் நாள் குப்பியை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் எண்ணெய் முழுவதும் சுவரில் வழிந்து கிடந்தது. அத்தாவிடம் சொல்ல பயம். அவர் என்னை ஒரு தடவை கூடத் திட்டியதில்லை, அதனாலேயே பயம். சின்ன மாமாவிடம் போனேன்.

சின்ன மாமாவுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு ஜோடி மாடும் ஒரு பாரவண்டியும் வைத்து, கீரமங்கலத்திலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு வருவார். எந்நேரமும் சிரித்த முகம். அவரைப் பினாங்குக்கு அழைத்துப் போய்க் கடையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அம்மா நாலு வருடமாகக் கடிதத்துக்குக் கடிதம் கெஞ்சியிருந்தாள். இந்தத் தடவைதான் அத்தா சரி என்று சொல்லி, பாஸ்போர்ட்டுக் காகிதங்களுக்கு எழுதிப் போட்டிருந்தார்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சின்ன மாமா சிரித்தார். "இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? ஒரு வண்டித் தேங்காயச் சொமக்குற அச்சு இந்த மைய வச்சுத்தான் ஓடுது. ஒன்னோட நூலு ஓடாதா?"

வண்டி மை என்பது விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்தது. வண்டிக்கு அடியில் மூங்கில் குழாயில் தொங்கும். அதில் இன்னும் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டு இளக்கி, கோழி இறகால் தொட்டுத் தொட்டு இரண்டு பிரேக் உறைக்குள்ளும் விட்டோம். மறுநாள் பிடி வெண்ணெய் போல ஓடியது. சின்ன மாமா என் முதுகில் தட்டினார். மூன்றாம் நாள் அமுக்கிய பிடி திரும்பி வர யோசித்தது. ஐந்தாம் நாள் அமுக்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. கரியும் எண்ணெயும் சேர்ந்து உறைக்குள் பசையாகி ஒயரைக் கவ்விக்கொண்டது.

அத்தா அப்போது கல்யாணத்துக்குச் சொல்ல கோட்டைப்பட்டினம் பக்கம் போயிருந்தார். சின்ன மாமா குறட்டால் முன் பிரேக் ஒயரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். கோரைப் பாயின் நூல் தெறிக்குமே, அது போல ஒவ்வொரு இழையாகத் தெறித்து, பிடிக்குள் உட்காரும் தலைக் குண்டு தனியாகக் கழன்று தரையில் உருண்டது. சின்ன மாமாவின் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

சைக்கிளை வண்டியில் ஏற்றி மேலே வைக்கோலைப் பரப்பினார். என்னை அதன் மேல் உட்காரச் சொன்னார். ஊருக்கு வெளியே கண்மாய்க் கரை இறங்குகிற இடத்தில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. நாலு கால் நட்டுக் கீற்று வேய்ந்த கடை. கடைக்காரர் ஒல்லியான மனிதர். தோளில் எந்நேரமும் ஒரு கறுத்த துணி கிடக்கும்.

"எந்த ஊரு வண்டிங்க இது?"

"பினாங்கு."

"அப்ப ஒயரும் பினாங்குலதான் கெடைக்கும். எங்கிட்டக் கம்பிதான் இருக்கு."

"ஏதாச்சும் பண்ணுங்கண்ணே. மச்சான் நாளைக்கு வந்துருவாரு."

கடைக்காரர் கட்டுக்கம்பியை வைத்துப் பார்த்தார். ஒற்றைக் கம்பி வளைவில் போகாமல் முறுக்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் சைக்கிளைச் சுற்றி வந்தவர், கியர் ஒயரைத் தொட்டுப் பார்த்தார். "இது சும்மாதான கெடக்கு?"

கியர் ஒயரை உருவி, அதன் தலையில் இருந்த சின்னக் குண்டை வெட்டிப் போட்டுவிட்டு, ஈயத்தைக் காய்ச்சி பிரேக் பிடிக்குள் உட்காருகிற மாதிரி ஒரு குண்டு பற்ற வைத்தார். முன் பிரேக் உறையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி அதை நுழைத்தார். வெறும் கியர் உறையை முன்போலவே மாட்டிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின் பிரேக்கிலும் மண்ணெண்ணெய் விட்டார். அது பாதி அசைந்தது.

"ஒன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. இந்த ஒயரு மெல்லிசு. சமதரையில பிடிக்கும். இந்தக் கரையில எறங்கையில அழுத்திப் பிடிச்சா ஈயம் கழண்டுக்கிரும். பின் பிரேக்க ரெண்டு நாளு ஊறப் போட்டாத்தான் பசை விடும். இப்போதைக்கு அத நம்ப முடியாது. மாப்பிள்ளைகிட்டச் சொல்லிருங்க."

"சொல்லிருவேண்ணே" என்றார் சின்ன மாமா.

அந்தக் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் ஊர் கண்மாய்க்கு அந்தப் பக்கம். அவருக்கு அறந்தாங்கியில் அரிசி மில்லில் கணக்கு வேலை. தினமும் அந்தக் கரையில் ஏறி எங்கள் பக்கம் இறங்கித்தான் போக வேண்டும். இறக்கத்தின் அடியில் மடைக் கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். முந்தின வருடம் பாய் வியாபாரி ஒருவர் சைக்கிளோடு இறங்கும்போது கம்பி கழன்று அந்தக் கல்லில் போய் மோதினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். அவருடைய கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. பாய்கள் இறக்கம் முழுக்க உருண்டு விரிந்து கிடந்தன. அந்த இடத்தில் நான் மாப்பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சின்ன மாமாவிடம் கேட்டேன்.

"சொல்லியாச்சா?"

"சொல்லிருவேன்டா."

"எப்ப?"

"பாஸ்போர்ட்டு கையில வரட்டும். ஒங்கத்தா கொணம் தெரியாதா? சைக்கிளத் தொட்டேன்னு தெரிஞ்சா அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் அடுத்த பேச்சு."

பிறகு அம்மாவிடம் போனேன். கல்யாணத்துக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் மிளகாய்க் காரம்.

"அம்மா, சைக்கிள்ல பிரேக்கு சரியில்ல."

"ஒனக்கு எப்படித் தெரியும்? ஏறுனியா?"

"ஏறல."

"ஏறாம பிரேக்கு சரியில்லன்னு எப்படிச் சொல்ற?"

முழுவதையும் சொன்னேன். அம்மா அம்மியை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். அத்தாவின் குரல் வெளியே பந்தல்காரரோடு கேட்டது.

"மாப்பிள்ளை நெதானமான ஆளு. அடிச்சுப் பிடிச்சு ஓட்ட மாட்டாக" என்றாள்.

"கரையில எறங்கணும்லம்மா."

"எறங்கித் தள்ளிக்கிட்டு வருவாக. எல்லாரும் அங்கிட்டு எறங்கித்தான் வாராக." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எந்தம்பி இங்க இருந்தா மாட்டு வாலப் பிடிச்சுக்கிட்டே கெழவனாயிருவான். யாருகிட்டயும் சொல்லாதய்யா. ஆண்டவன் காப்பாத்துவான்."

மசாலாக் கையோடு என் கன்னத்தைத் தொட்டாள். வெகுநேரம் எரிந்தது.

அம்மா மேல் அப்போது எனக்குக் கோபம். இப்போது இல்லை. ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் தம்பி, நடுவில் மூன்று மாதத்துக்கு மட்டும் வந்திருக்கிற புருஷன். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, மாப்பிள்ளை நிதானமானவர் என்று நம்பிக்கொள்வது. அவரை அவள் அதுவரை ஒரு தடவை கூடப் பார்த்திருக்கவில்லை.

மிச்சம் இருந்தது அத்தா. ஒரு நாள் மாலை நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவரே வந்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். முன் பிரேக் பிடியை அமுக்கினார். ரப்பர் கட்டை போய்ச் சக்கரத்தைக் கவ்வியது.

"நல்லாப் பாத்துக்கிட்டிருக்க" என்று என் தலையில் கையை வைத்தார். அத்தரும் சுருட்டும் கலந்த கை. "ஆறாப்பு அறந்தாங்கியில சேத்து விட்டுட்டுத்தான் கப்பலேறுவேன். நல்லாப் படிச்சா ஒனக்கும் இந்த மாதிரி ஒன்னு அனுப்பி வைக்கிறேன்."

நான் வாயைத் திறந்தேன்.

"என்ன?"

சைக்கிளை யாரும் தொடவில்லை என்றால் ஒயர் எப்படி அறுந்தது என்று கேட்பார். எண்ணெயைக் கொட்டியது யார் என்பார். மை யார் கொடுத்தது என்பார். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி சின்ன மாமாவில் போய் நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுவர் இருந்தது.

"ஒன்னுமில்லத்தா" என்றேன்.

பாஸ்போர்ட்டு கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் வந்துவிட்டது. சின்ன மாமா அதை ஒரு பட்டுத் துணியில் சுற்றி அம்மாவிடம் கொடுத்து வைத்தார். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. நான் கேட்டபோது, "அதுல இன்னும் ஒரு சீலு பாக்கி இருக்குடா" என்றார்.

நிக்காஹ் காலையில் பள்ளிவாசலில் முடிந்தது. நெய்ச்சோறு சாப்பாடு எங்கள் வீட்டுப் பந்தலில். சைக்கிளைப் பந்தல் காலோரம் நிறுத்தி ஹேண்டில்பாரில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை சைக்கிளில் முன்னால் போக வேண்டும், சிநேகிதர்கள் அவரவர் சைக்கிளில் கூடப் போக வேண்டும், அக்கா திரை கட்டிய வண்டியில் பின்னால் போக வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் பக்கமிருந்து போனால் கரையின் அந்தப் புறம் இன்னும் செங்குத்தான இறக்கம்.

நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். சிநேகிதர்கள் பச்சைச் சைக்கிளைச் சுற்றி நின்று பேசிக்கொண்டார்கள்.

"பினாங்கு வண்டி முந்துதா, நம்ம வண்டி முந்துதான்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும்."

"கரையில மேலேருந்து விடணும். மிதிக்கப்படாது. எவன் மொதல்ல ஊருக்குள்ள போறானோ அவனுக்கு மாப்பிள்ளை கறிச்சோறு போடணும்."

"எம்பொண்டாட்டி கையால சமைச்சுப் போடச் சொல்றேன். ஆனா முந்தப்போறது நானு" என்றார் மாப்பிள்ளை. சிரித்த முகம். இருபத்து நாலு வயது இருக்கும். நிதானமான ஆளாக அவர் எனக்குத் தெரியவில்லை.

சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். வெற்றிலைத் தட்டில் பாக்குவெட்டி கிடந்தது. எடுத்தேன். சைக்கிளுக்கு முன்னால் குனிந்தேன். உறை முடிந்து பிரேக்கில் போய்ச் சேருகிற இடத்தில் ஒயர் இரண்டு விரல் நீளம் வெளியே தெரியும். பாக்குவெட்டியின் வாயை அதில் வைத்து அமுக்கினேன். நறுக் என்று போனது. பிரேக் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"ஏய், யாருடா அது?"

என் கையை ஒருவர் பிடித்துத் தூக்கினார். பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தா வந்தார். என் கையிலிருந்து பாக்குவெட்டியை வாங்கித் திரும்பத் தட்டிலேயே வைத்தார். அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அழுதிருப்பேன். அழுதிருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஏன்டா?"

நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "அக்காள அனுப்ப மனசில்ல போலருக்கு, விடுங்க" என்றார்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "அதெல்லாம் இல்ல. அந்தச் சைக்கிளு தனக்கு வேணும்னு இருந்திருக்கான். தினமும் தொடச்சுத் தொடச்சுக் கண்ணு வச்சிருக்கான்."

அந்தக் குரல் சொன்னதே தீர்ப்பாகிவிட்டது. நூறு பேருக்கு முன்னால் அத்தா சொன்னார்: "ஒயர அறுக்கத் தெரிஞ்ச கைக்குப் பொஸ்தகம் வேணாம். சைக்கிள் கடையில கெடக்கட்டும். மாட்டக் கத்துக்கட்டும்."

சின்ன மாமா பந்தலின் அந்த ஓரத்தில் ஒரு தாளிச்சா வாளியோடு நின்றார். வாளியைக் கீழே வைக்கவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

எங்கள் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உள்ளபடியான பிரேக் ஒயர் பாக்குவெட்டிக்கு அறுபடாது. பாக்குவெட்டியின் பல்லுதான் போகும். பத்து வயதுப் பையன் ஒரே அமுக்கில் அறுத்தான் என்றால் அது என்ன ஒயர் என்று கேட்க அந்தப் பந்தலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் அறுத்தான் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

சைக்கிள் அன்று வண்டியில் ஏறிப் போனது. புது ஒயர் அனுப்பி வைக்கிறேன், அதுவரை ஏற வேண்டாம் என்று அத்தா மாப்பிள்ளையிடம் சொன்னார். அக்கா திரைக்குள் அழுதுகொண்டே போனாள். எதற்காக அழுதாள் என்று எனக்குத் தெரியாது. எனக்காக இருக்கும் என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே என்னைக் கரையடிக் கடையில் விட்டார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார். "பள்ளிக்கொடம் போற பையங்க. பாவமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அத்தா திரும்பி நடந்தார். அதற்கு மேல் கடைக்காரர் எதையும் கிளறவில்லை. அந்த ஒயரில் அவர் கையும் இருந்ததே. அறந்தாங்கிப் பள்ளிக்கூடம் திறந்த அன்று என் வகுப்புப் பையன்கள் புது டவுசரோடு கடையைத் தாண்டிப் போனார்கள். நான் காற்றடித்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டு, அவர்கள் தாண்டும்வரை நிமிரவில்லை.

ஒரு மாதத்தில் அத்தாவும் சின்ன மாமாவும் புறப்பட்டார்கள். அறந்தாங்கி பஸ் நிற்குமிடம் வரைக்கும் நானும் போனேன். சின்ன மாமா புதுச் சட்டை போட்டிருந்தார். கொஞ்சம் தள்ளி நின்று டிரங்குப் பெட்டியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

அத்தா என்னைப் புளியமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிப் போனார். என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து அவர் யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை.

"கோவிச்சுக்கிட்டுக் கேக்கல. அந்த ஒயர ஏன் அறுத்த? நெசத்தச் சொன்னா ஆறாப்புக்கு இப்பக் கூடச் சேத்து விடச் சொல்லிட்டுப் போறேன்."

அவர் காத்திருந்தார். பஸ் ஹாரன் அடித்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை. எனக்காக ஒருவர் அப்படிக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அவருடைய தோளுக்கு மேலாகச் சின்ன மாமா தெரிந்தார். கயிற்றை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பைக்குள் பாஸ்போர்ட்டின் விளிம்பு தெரிந்தது.

"சும்மாதான்" என்றேன்.

அத்தா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, பதில் கிடைத்துவிட்டது போலத் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். அவர் அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. இரண்டாம் வருடம் பினாங்கிலேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கமானார்.

ஆனால் சொன்னபடி ஒயர் அனுப்பினார். மழைக்காலம் தொடங்கும்போது கடைக்காரர் பேருக்குப் பார்சல் வந்தது. மூன்று ஒயர்கள், மூன்று உறைகள், தனித்தனியாக மெழுகுக் காகிதத்தில் சுற்றி. கூடவே ஒரு கடிதம். எழுத்து சின்ன மாமாவுடையது, கீழே கையெழுத்து அத்தாவுடையது. கடைக்காரருக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னார். எப்படி மாட்ட வேண்டும் என்று நாலைந்து வரிகள். கடைசி வரி இது: தடித்தது பிரேக்குக்கு, மெல்லியது கியருக்கு, தயவுசெய்து ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டுவிட வேண்டாம்.

படித்துவிட்டு நிமிர்ந்தேன். கடைக்காரர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மடிச்சு வையி" என்றார். அந்த வரியை அத்தா சொல்லிச் சின்ன மாமா எழுதினாரா, சின்ன மாமாவே சேர்த்துக்கொண்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சின்ன மாமா பிற்பாடு இரண்டு மூன்று தடவை ஊருக்கு வந்தார். சட்டைத் துணி கொண்டுவந்தார், என் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொண்டுவந்தார். நானும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கடைக்காரர் மாட்ட, நான் கூட இருந்து பிடித்துக் கொடுத்தேன். உறையை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் ராவிச் சமமாக்கினோம். முனை பிசிறாக இருந்தால் ஒயர் அதில் உரசி உரசியே இற்றுவிடும். ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கமும் உறை விறைக்காத அளவுக்குத் தளர்வு விட்டோம். மடிப்பு விழாமல், பெரிய வளைவாக இறக்கினோம். பழைய உறையை உதறினால் கறுப்புப் பசை கட்டியாக விழுந்தது. கடைக்காரர் அதைக் காலால் மண்ணில் தேய்த்துவிட்டார்.

"ஏறிப் போயி ஒரு தடவ எறங்கிப் பாத்துட்டு வாரேன்" என்றார் மாப்பிள்ளை.

தள்ளிக்கொண்டு கரை ஏறினார். உச்சியில் திரும்பி, ஏறி உட்கார்ந்து, காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே விட்டார். பச்சை நிறம் எங்களை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வந்தது. பாதி இறக்கத்தில் இருக்கும்போது மடைக்குள்ளிருந்து வெள்ளாடுகள் ஏறிச் சாலைக்குக் குறுக்கே வந்தன. ஓட்டி வந்த பெண் பின்னால் எங்கோ இருந்தாள். நான் கையிலிருந்த அரத்தைப் பிடித்தபடி நின்றேன்.

கீச்சென்று ஒரு சத்தம். பின் சக்கரம் கொஞ்சம் மண்ணைச் சீய்த்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை ஒரு காலை ஊன்றினார். மடைக் கல்லுக்கும் அவருக்கும் நாலடி இருக்கும். கடைசி ஆடு நின்று அவரைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் கடந்தது. அவர் இரண்டு பிடியையும் விடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

பிறகு மெதுவாக மிதித்துக் கடைக்கு வந்தார்.

"நல்லாப் பிடிக்குதுண்ணே" என்றார் கடைக்காரரிடம். என்னைப் பார்த்துச் சிரித்தார். "மச்சான், இதையும் அறுத்துறாதய்யா. பாக்குவெட்டிய எல்லாம் எங்க வீட்டுல ஒளிச்சு வச்சிட்டோம்."

"சரி மச்சான்" என்றேன். நானும் சிரித்தேன்.

அவர் கரை ஏறி மறையும்வரை கடைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "ஒரு டியூபு பஞ்சரோட கெடக்கு, பாரு" என்றார்.

டியூபுக்குக் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினேன். ஒரு இடத்திலிருந்து குமிழ் வந்தது. அதன் மேல் விரலை வைத்துப் பொத்திக்கொண்டேன். எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.